சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்புக்கும் வேலை அனுமதி வேண்டுமா?

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளை வட்ஸ்அப்பில் அழைத்து, “ஒரு கம்பனியில இன்டர்ன்ஷிப் கிடைச்சிருக்கு, ஆனா சம்பளம் இல்லை. அதுக்கும் அனுமதி எடுக்க வேணும் எண்டு சிலர் சொல்லினம், தேவையில்லை எண்டு சிலர் சொல்லினம்” என்று கேட்டால், நல்லூரிலோ கோண்டாவிலிலோ இருந்து போகும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “காசு வாங்காட்டி அது எப்பிடி வேலையாகும்? போய்ப் பழகு.”

இந்தப் பதில் சில இடங்களில் சரி, பல இடங்களில் பிழை. பிழையான இடத்தில் மாட்டுப்பட்டால் விசாவே போய்விடும். 2025 ஏப்ரலில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் பதிவுகள் திடீரென முடக்கப்பட்டு, வழக்குகளுக்குப் பிறகு மீளத் திறக்கப்பட்டதிலிருந்து இந்தக் கேள்வியைப் பலர் பயத்தோடு கேட்கிறார்கள். அந்த முடக்கத்துக்கும் இன்டர்ன்ஷிப்புக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் கணினியில் இருக்கும் ஒரு பதிவை நம்பித்தான் தங்கள் படிப்பு நிற்கிறது என்பது அன்றைக்கு எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

இங்கே முக்கியமாக அமெரிக்காவின் எஃப்-1 மாணவர் விசாவை எடுத்துக்கொள்கிறேன். குழப்பம் அதிகம் அங்கேதான். கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா பற்றிப் பின்னால் வருகிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் கூடுதலானோர் போவது அந்த நாடுகளுக்கு என்பதால், அமெரிக்கா பற்றி அக்கறை இல்லாதவர்கள் நேரே அந்தப் பகுதிக்குப் போகலாம்.

ஊரில் பழகிய கணக்கு

சம்பளமில்லாமல் உழைப்பது எங்களுக்குப் புதிதல்ல. அதில் இரண்டு வகை இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்து மாணவர் கைத்தொழில் பயிற்சிக்குப் போவது பட்டத்தின் ஒரு பகுதி. கம்பஸ் அனுப்புகிறது, பயிற்சியைப் பதிவு செய்கிறது, மதிப்பிடுகிறது. இது ஒரு வகை.

வடக்கின் தொண்டர் ஆசிரியர்கள் இன்னொரு வகை. சம்பளம் வாங்கும் ஆசிரியர் நிற்க வேண்டிய வகுப்பில் ஆண்டுக்கணக்காக நின்று படிப்பித்தார்கள். ஒருநாள் நிரந்தர நியமனம் வரும் என்ற நம்பிக்கையில் படிப்பித்தார்கள். அது வராதபோது போராட்டத்தில் இறங்கினார்கள். இரண்டிலும் மாதக் கடைசியில் முறையான சம்பளம் என்று ஒன்றில்லை. ஆனாலும் ஒன்று படிப்பு, மற்றது வேலை என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

அமெரிக்கச் சட்டமும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் கோடு போடுகிறது. சம்பளம் கிடைத்ததா என்பது அது கேட்கும் கேள்விகளில் ஒன்று மட்டுமே.

முதலில் நாலு பெயர்கள்

1. எஃப்-1. முழுநேரப் படிப்புக்கான விசா. இதில் வேலை செய்யும் உரிமை தானாக வராது. பல்கலைக்கழக வளாகத்துக்குள் மட்டும், தவணை நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணிநேரம் வரை வேலை செய்யலாம். வெளியே என்றால் தனி அனுமதி வேண்டும்.

2. ஐ-20. பல்கலைக்கழகம் தரும் படிவம். கொழும்பில் விசா நேர்முகத்துக்குக் கொண்டுபோவது இதைத்தான். அதன் இரண்டாம் பக்கத்தை ஊரில் யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை, ஏனென்றால் அப்போது அது வெறுமையாக இருக்கும். வேலை அனுமதி கிடைத்தபின் கம்பனியின் பெயர், முழுநேரமா பகுதிநேரமா, தொடங்கும் திகதி, முடியும் திகதி எல்லாம் அங்கேதான் அச்சாகும்.

3. செவிஸ். மாணவர்களின் நிலையை அமெரிக்க அரசு பின்தொடரும் கணினிப் பதிவேடு. ஐ-20 என்பது இந்தப் பதிவின் கடதாசி வடிவம்.

4. டிஎஸ்ஓ. பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் செவிஸில் எழுதும் அதிகாரம் பெற்ற அலுவலர். இன்டர்ன்ஷிப் பற்றி முதலில் கேட்க வேண்டிய ஆள் இவர். கம்பனியின் மனிதவளப் பிரிவும், ரொறன்ரோ மாமாவும் அதற்கு அப்புறம்தான்.

ஒரே செயல், இரண்டு சட்டம்

குழப்பத்தின் வேர் இங்கே இருக்கிறது. சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பை இரண்டு வேறு சட்டங்கள் இரண்டு பக்கத்திலிருந்து பார்க்கின்றன.

குடிவரவுச் சட்டம் ஒன்று. சட்டவிரோத வேலைக்கு எதிராக 1986-இல் வந்த சட்டத்தை ஒட்டிய விதிகளில், சம்பளத்துக்கோ வேறு கைம்மாறுக்கோ ஒரு முதலாளிக்குச் சேவை அல்லது உழைப்பு தருபவர் ஊழியர். அப்படிப்பட்டவர் அமெரிக்காவுக்குள் செய்வது வேலை. மேலோட்டமாக வாசித்தால் எங்கள் ஊர்ப் பதிலுக்கு இது ஆதரவாகத்தான் தெரிகிறது: சம்பளமும் இல்லை, கைம்மாறும் இல்லை என்றால் ஊழியர் இல்லை.

அடுத்தது தொழிற்சட்டம். மத்திய அரசின் குறைந்தபட்சச் சம்பளமும் மேலதிக நேரக் கொடுப்பனவும் 1938-இல் வந்த நியாயத் தொழில் தரச் சட்டத்தின் கீழ் வருபவை. குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 7.25 டொலர், 2009 முதல் அசையாமல் நிற்கிறது. இலாப நோக்கமுள்ள கம்பனிக்கு “நான் சும்மா செய்து தருகிறேன்” என்று சொல்லும் உரிமையை இந்தச் சட்டம் பொதுவாக ஏற்பதில்லை. அரசு அமைப்புக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் தொண்டு செய்யலாம். கம்பனிக்குச் செய்தால், அது உண்மையான பயிற்சியாக இருந்தாலன்றிச் சம்பளம் கொடுக்கப்பட வேண்டிய வேலை.

இந்த விதிவிலக்கு 1947-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு ரயில்வே வழக்கிலிருந்து வருகிறது. போர்ட்லண்ட் டெர்மினல் என்ற கம்பனி, ரயிலில் பிரேக் பிடிக்கும் வேலைக்கு ஆட்களைச் சேர்க்க முன் ஒரு வாரமளவில் சம்பளமில்லாமல் பழக்கியது. பழகுபவர்கள் அங்கிருந்த ஊழியர்களின் வேலையைப் பிடுங்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்று, மேற்பார்வையில் கொஞ்சம் செய்தார்கள், கம்பனிக்கு உடனடி நன்மை ஏதும் கிடைக்கவில்லை. ஆகவே அவர்கள் ஊழியர்கள் இல்லை என்றது நீதிமன்றம்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கம்பனி சம்பளம் கொடுக்க வேண்டிய வேலையை மாணவரிடம் சும்மா வாங்குகிறது. தொழிற்சட்டத்தின் பார்வையில் அவர் சம்பளம் வர வேண்டிய ஊழியர். கொடுக்காமல் விட்டது கம்பனியின் குற்றம், மாணவர் பாதிக்கப்பட்டவர். ஆனால் சம்பளம் வர வேண்டிய ஊழியர் என்று ஒருமுறை ஆகிவிட்டால், அனுமதி இல்லாமல் வேலை செய்தாரா என்ற கேள்வி குடிவரவுப் பக்கம் எழும். அங்கே அவர் விதியை மீறியவராகிவிடுகிறார். கம்பனி நிலுவைச் சம்பளத்தைக் கட்டிவிட்டு வியாபாரத்தைத் தொடரும். மாணவரின் இழப்புக்கு அப்படி ஒரு தொகை இல்லை.

“சம்பளம் இல்லை, ஆகவே பாதுகாப்பு” என்ற எண்ணத்தை நான் நம்பாதது இதனால்தான். சட்டப்படி சம்பளம் கொடுக்கத் தேவையில்லாத பயிற்சியா என்பதுதான் கேட்க வேண்டியது. கம்பனி கொடுக்க விரும்பவில்லை என்பது அதற்குப் பதில் ஆகாது.

பயிற்சியா, வேலையா: ஏழு கேள்விகள்

திரைப்பட நிறுவனமான ஃபாக்ஸ் சர்ச்லைட்டுக்கு எதிராகச் சம்பளமில்லாத இன்டர்ன்கள் போட்ட வழக்கில், நியூயோர்க்கை உள்ளடக்கிய மேன்முறையீட்டு நீதிமன்றம் 2015-இல் ஒரு சோதனையை வகுத்தது. அதன் சாரம், இந்த உறவால் முதன்மையாகப் பயன் பெறுவது யார், மாணவரா கம்பனியா என்பது. 2018 ஜனவரியில் அமெரிக்கத் தொழில் திணைக்களமும் இதையே ஏற்றுக்கொண்டது. கேள்விகள் இவை:

1. சம்பளம் கிடையாது என்பது இரு தரப்புக்கும் தெளிவாகத் தெரியுமா? மறைமுகமான வாக்குறுதிகூட இருக்கக் கூடாது.
2. வகுப்பறையில் கிடைப்பது போன்ற பயிற்சி கிடைக்கிறதா?
3. படிப்போடு இணைந்திருக்கிறதா? பாடப் புள்ளி கிடைப்பது நல்ல அடையாளம்.
4. கல்வி ஆண்டின் நாட்காட்டிக்கு ஏற்ப நடக்கிறதா?
5. கற்க வேண்டியதைக் கற்கும் காலத்தோடு முடிகிறதா, இழுபடுகிறதா?
6. சம்பளம் வாங்கும் ஊழியர்களுக்குத் துணையாகச் செய்கிறாரா, அவர்களுடைய இடத்தை நிரப்புகிறாரா?
7. முடிவில் வேலை தருவதாக உறுதி எதுவும் இல்லையா?

ஏழில் இத்தனை சரி வந்தால் தேறியது என்று கணக்கில்லை, மொத்தமாகப் பார்க்கப்படும். என் பார்வையில் ஆறாவதுதான் அதிகம் காட்டிக்கொடுப்பது. ஒருவர் மூன்று மாதம் வாடிக்கையாளரின் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதினார், அவர் போனதும் அந்த இடத்துக்குச் சம்பளத்தில் ஆள் எடுத்தார்கள் என்றால் மற்ற ஆறுக்கும் எழுதிய அழகான பதில்கள் நிற்காது. அப்புறம், முதலாவதையும் ஏழாவதையும் சேர்த்து வாசியுங்கள். “இப்ப சும்மா செய், பிறகு பார்த்துத் தாறம்” என்ற பேச்சு எங்கள் ஊரில் நல்ல மனதின் அடையாளம். அங்கே அது சம்பள எதிர்பார்ப்புக்கான சாட்சி.

இலாபநோக்கற்ற நிறுவனம், கோயில், உணவு வங்கி, நூலகம் போன்றவற்றில் தொண்டு செய்வது வேறு கதை. யாரும் சம்பளம் வாங்கிச் செய்யாத, மனம் விரும்பிச் செய்யும் பணிக்கு வேலை அனுமதி கேட்கப்படுவதில்லை. நியூ ஜேர்சியில் கோயில் மடைப்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை காய்கறி வெட்டுவதற்கு யாரும் டிஎஸ்ஓவிடம் ஓடத் தேவையில்லை. அதே கோயிலின் கணக்கை, முன்பு சம்பளம் வாங்கியவர் விட்டுப்போன இடத்தில், வாரத்துக்கு 30 மணிநேரம் எழுதினால் யோசிக்க வேண்டும்.

காசாக வராத சம்பளம்

கைம்மாறு என்பது வங்கியில் விழும் பணம் மட்டுமல்ல. தங்க அறை, சாப்பாடு, பயணச் செலவுக்கு மேற்பட்ட உதவித்தொகை, பரிசு அட்டை, புதுக் கம்பனியில் பங்கு, இவை எல்லாம் அதில் வரலாம். 1982-இல் ஹால் என்பவரின் குடிவரவு மேன்முறையீட்டில் இது பேசப்பட்டது. ஒரு மதச் சபைக்கு முழுநேரமாக ஊழியம் செய்தவருக்குச் சம்பளம் இல்லை, சபை உணவும் உறைவிடமும் வாழ்க்கைச் செலவும் கொடுத்தது. அது அனுமதியில்லாத வேலைதான் என்று முடிவானது.

எங்கள் சமூகத்தில் இது இடறும் இடம் சொந்தக்காரர் கம்பனி. வேர்ஜினியாவில் சித்தப்பா ஒரு மென்பொருள் கம்பனி தொடங்குகிறார். பெறாமகளைக் கோடையில் வரச் சொல்கிறார். அவள் அவர் வீட்டிலேயே தங்குகிறாள், சாப்பிடுகிறாள், கம்பனிக்கு இணையத்தளம் செய்துகொடுக்கிறாள். போகும்போது கையில் ஒரு கவர். சித்தப்பா வீட்டில் தங்குவது குற்றமில்லை. ஆனால் இணையத்தளம் கம்பனிக்கு வர வேண்டிய செலவை மிச்சம் பிடித்த வேலை, கவர் அதற்கான கைம்மாறு என்று ஒரு அதிகாரி எடுத்துக்கொண்டால் மறுப்பது கடினம். சொந்தம் என்பதற்குச் சட்டத்தில் சலுகை இல்லை.

பின்திகதியிட்ட சம்பளமும் ஒரு பொறி. சும்மா தொடங்கி, “உங்கள் வேலை பிடித்திருக்கிறது, ஜூன் முதலான சம்பளத்தையும் சேர்த்துத் தருகிறோம்” என்று ஓகஸ்டில் கம்பனி சொன்னால், ஜூனில் அனுமதி இல்லாதிருந்தவர் அந்தப் பணத்தை வாங்க முடியாது. அனுமதி பின்திகதியிட்டுக் கிடைக்காது.

அனுமதி எடுக்கும் வழிகள்

சரி, அனுமதியோடு செய்வது எப்படி?

சிபிடி. பாடத்திட்டத்தோடு இணைந்த செய்முறைப் பயிற்சிக்கான அனுமதி. சம்பளத்தோடும் எடுக்கலாம், சம்பளமில்லாமலும் எடுக்கலாம். டிஎஸ்ஓ செவிஸில் பதிந்து புதிய ஐ-20 தருவார், அரசுக்குத் தனியாக விண்ணப்பமோ கட்டணமோ இல்லை. நிபந்தனைகளில் கவனிக்க வேண்டியவை:

1. முதலில் ஒரு முழுக் கல்வியாண்டு முடித்திருக்க வேண்டும். ஓகஸ்டில் சேர்ந்தவருக்கு அடுத்த மே மாதத்தோடு அது நிறைவாகும். ஜனவரியில் சேர்ந்தவர் அதே ஆண்டின் கோடையில் எடுக்க முடியாது. தொடக்கத்திலேயே பயிற்சி கட்டாயமாக உள்ள சில பட்டமேற்படிப்புகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.
2. பயிற்சி பாடத்திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் இதற்கென ஒரு பாடத்தில் பதியச் சொல்லும், அதற்குப் பாடக்கட்டணம் வரும். சம்பளம் வாங்காமல் வேலை செய்ய நாமே காசு கட்டும் விசித்திரம் இப்படித்தான் நடக்கிறது.
3. அனுமதி குறிப்பிட்ட கம்பனிக்கும் குறிப்பிட்ட திகதிகளுக்கும் உரியது. கம்பனி மாறினால் புதிது எடுக்க வேண்டும். தொடங்கும் திகதிக்கு இரண்டு நாள் முன்னர் “ஒரு சின்ன ஓரியன்டேஷன், சூமில் வாருங்கள்” என்றால், திகதி வரட்டும் என்று சொல்வது நல்லது.
4. முழுநேர சிபிடி 12 மாதத்தை எட்டினால், அந்தப் பட்ட நிலைக்கான ஓபிடி (படித்த துறையில் 12 மாதம் வேலை செய்யும் அனுமதி, கீழே வருகிறது) முழுவதும் போய்விடும். சம்பளமில்லாத முழுநேரமும் இந்தக் கணக்கில் சேரும். வாரத்துக்கு 20 மணிநேரம் அல்லது அதற்குக் குறைவான பகுதிநேரம் சேராது.

சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்புக்கு சிபிடி கட்டாயமா என்பதில் பல்கலைக்கழகங்கள் ஒரே மாதிரி நடப்பதில்லை. எதற்கும் எடுத்துவிடு என்பவை உண்டு. தொழிற்சட்டத்தின்படி உண்மையான பயிற்சி என்று கம்பனி கடிதம் தந்தால் போதும் என்பவையும் உண்டு. இரண்டு மாணவர்கள் இரண்டு கதை சொல்வதற்கு இதுவே காரணம், இருவருமே தங்கள் அலுவலகம் சொன்னதைச் சரியாகத்தான் சொல்கிறார்கள். எடுக்கத் தகுதி இருந்தால் எடுத்துவிடுவதே புத்தி என்பேன். எடுத்தவருக்குப் பின்னால் கேள்வி வராது, நடுவில் கம்பனி சம்பளம் தர மனம் மாறினாலும் சிக்கல் இல்லை.

கம்பனி எப்படிப் பார்க்கிறது என்பதற்கு ஒரு அடையாளம் உண்டு. ஐ-9 என்ற படிவம், ஒருவருக்கு வேலை செய்யும் உரிமை இருக்கிறதா என்று முதலாளி சரிபார்க்கும் படிவம். சம்பளமும் கைம்மாறும் இல்லாத இன்டர்னுக்குப் பொதுவாக இது நிரப்பப்படுவதில்லை. “சம்பளம் இல்லை, ஆனால் ஐ-9 நிரப்புங்கள்” என்று கம்பனி கேட்டால், அது உங்களை ஊழியராகவே எண்ணுகிறது. அனுமதி இல்லாமல் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஓபிடி. படித்த துறையில் 12 மாதம் வேலை செய்யும் அனுமதி, ஒவ்வொரு உயர்பட்ட நிலைக்கும் ஒருமுறை. பெரும்பாலோர் பட்டம் முடித்தபின் எடுப்பார்கள். இதற்கு யூஎஸ்சிஐஎஸ் என்ற குடிவரவுச் சேவை அமைப்பிடம் விண்ணப்பித்து அட்டை வாங்க வேண்டும். 2024 ஏப்ரலில் இதன் கட்டணம் இணையத்தில் 470 டொலர், கடதாசியில் 520 டொலர் என ஆனது. படிப்பு முடியும் திகதிக்கு 90 நாள் முன்னிருந்து, முடிந்து 60 நாள் வரை விண்ணப்பிக்கலாம்.

சம்பளமில்லாத வேலை நன்மையாக மாறும் ஒரே இடம் இதுதான். பட்டத்துக்குப் பின்னான ஓபிடியில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையின்றி இருந்தால் நிலை போய்விடும். துறைக்குப் பொருத்தமான, வாரத்துக்கு 20 மணிநேரத்துக்குக் குறையாத தொண்டுப் பணியோ சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்போ இருந்தால், தொழிற்சட்டத்தை மீறாதவரை, அது வேலையாகக் கணக்கிடப்பட்டு அந்த நாட்களின் எண்ணிக்கை நிற்கும். வேலைச் சந்தை இறுகிய காலங்களில் பலரைக் காப்பாற்றியது இந்த ஏற்பாடு. ஆனால் 10 நாளுக்குள் பதிய வேண்டும், நிறுவனத்திடம் மணிநேரமும் பணியும் குறித்த கடிதம் வாங்கி வைக்க வேண்டும்.

ஸ்டெம் நீட்டிப்பு. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவர்களுக்குக் கிடைக்கும் மேலதிக 24 மாதம். இங்கே சம்பளமில்லாத வேலைக்கு இடமே இல்லை. ஊழியரின் வேலை உரிமையை அரசின் பதிவேடுகளோடு இணையத்தில் சரிபார்க்கும் ஈ-வெரிஃபை முறையில் கம்பனி பதிந்திருக்க வேண்டும், பயிற்சித் திட்டம் எழுதித் தர வேண்டும், அதே வேலை செய்யும் அமெரிக்கருக்கு நிகரான சம்பளம் தர வேண்டும். முதல் 12 மாதத்தில் சரியாக இருந்த சம்பளமில்லாத ஏற்பாட்டை 13-ஆவது மாதத்துக்கு இழுத்துச் சென்றால் பிழை.

எஃப்-1 மாணவரின் துணையாக எஃப்-2 விசாவில் போகும் கணவன், மனைவிக்கு இந்த வழிகள் எதுவும் இல்லை. அவர்கள் செய்யக்கூடியது உண்மையான தொண்டு மட்டுமே.

மீறினால் என்ன நடக்கும்

1. நிலை போகும். அனுமதியில்லாத வேலை எதுவும் விசா நிலையைக் காக்கத் தவறியதாகும் என்று விதியே சொல்கிறது. எத்தனை நாள் செய்தார் என்ற வேறுபாடு அங்கே இல்லை.

2. மீட்க முடியாது. பாடத்தைக் குறைத்தது, நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க மறந்தது போன்ற தவறுகளுக்கு நிலையை மீட்டுத்தரும்படி கேட்கலாம். அனுமதியில்லாமல் வேலை செய்திருக்கக் கூடாது என்பது அந்த மீட்புக்கான நிபந்தனைகளில் ஒன்று. ஆக, வேறு தவறு செய்தவருக்குத் திறக்கும் கதவு இவருக்கு மூடியிருக்கும். நாட்டை விட்டு வெளியேறிப் புது ஐ-20 எடுத்து வரலாம், விசா கிடைத்தால். அப்போது சிபிடிக்கான ஒரு கல்வியாண்டுக் கணக்கும் பூச்சியத்திலிருந்து தொடங்கும்.

3. கேள்வி திரும்பத் திரும்ப வரும். விசாவுக்கான இணைய விண்ணப்பத்தில், முன்பு அமெரிக்க விசா நிபந்தனைகளை மீறினீர்களா என்று கேட்பார்கள். நிரந்தர வதிவிட விண்ணப்பத்தில் எப்போதாவது அனுமதியில்லாமல் வேலை செய்தீர்களா என்று கேட்பார்கள். அமெரிக்கக் குடிமகனின் கணவன், மனைவி போன்ற நெருங்கிய உறவுக்கு இதில் விலக்கு உண்டு. தொழில் வழியாக விண்ணப்பிப்பவர்களுக்கு 180 நாள் வரையான மீறல் மன்னிக்கப்படலாம். மற்றவர்களுக்குக் கடினம். பொய் சொன்னால் அது தனிக் குற்றம், முதல் குற்றத்தைவிடப் பெரியது.

யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு: பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது நாமே லிங்க்ட்இன்னில் எழுதியது. “மென்பொருள் பொறியியல் இன்டர்ன், மே முதல் ஓகஸ்ட் வரை” என்று பெருமையாகப் போட்டிருப்பார், ஐ-20யின் இரண்டாம் பக்கத்தில் அந்த மாதங்கள் வெறுமையாக இருக்கும்.

கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா

அமெரிக்காவில் பழகிய பதிலை மற்ற நாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. “வேலை” என்பதற்கு ஒவ்வொரு நாடும் வேறு வேறு அளவுகோல் வைத்திருக்கிறது.

கனடா இதில் கடுமை. அங்கே குடிவரவு விதிகளின்படி, சம்பளம் அல்லது தரகு கிடைக்கும் செயல் வேலை. அதோடு, தொழிற்சந்தையில் கனடியர்களோடு நேரடியாகப் போட்டியிடும் செயலும் வேலை. இரண்டாம் பகுதிக்குச் சம்பளம் தேவையே இல்லை. அனுபவம் பெறுவதற்காக மாணவர் செய்யும் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பையும் களப்பயிற்சியையும் குடிவரவுத் திணைக்களத்தின் வழிகாட்டல் பெயர் சொல்லியே வேலை என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. ஆகவே ஸ்காபரோவில் இருக்கும் மாணவர் “சம்பளம் இல்லாததால் 24 மணிநேரக் கணக்கில் வராது” என்று எண்ணக் கூடாது. 2024 நவம்பர் 8 முதல் தவணைக் காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணிநேரம் என்பதே எல்லை. எரிபொருள் நிலையத்தில் 20 மணிநேரம் நின்றுவிட்டு, சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பில் இன்னொரு 15 மணிநேரம் என்றால் எல்லை தாண்டியாயிற்று.

பிரித்தானியாவில் மாணவர் விசாவில் பட்டப்படிப்பு நிலைக்குத் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணிநேரம், அதற்குக் கீழ்ப்பட்ட படிப்புக்கு 10 மணிநேரம். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் 25, அடுத்த வாரம் 15 என்று சராசரி பார்க்க முடியாது. சம்பளமில்லாவிட்டாலும் இத்தனை மணிக்கு வர வேண்டும், இதைச் செய்ய வேண்டும் என்ற கடமை ஒப்பந்தம்போல் இருந்தால் அந்த மணிநேரங்கள் எல்லைக்குள் எண்ணப்படும். கடமை இல்லாமல் அறக்கட்டளை ஒன்றுக்குச் செய்யும் தொண்டு எண்ணப்படாது. படிப்பின் மதிப்பிடப்படும் பகுதியாக உள்ள பயிற்சிக்குத் தனி ஏற்பாடு உண்டு. அப்படிப்பட்ட ஒரு வருடத்துக்கு உட்பட்ட பயிற்சிக்குக் குறைந்தபட்சச் சம்பளமும் கட்டாயமில்லை.

அவுஸ்திரேலியாவின் அளவுகோல் எனக்குப் பிடித்தது, சுருக்கமாக இருப்பதால். அந்த நாட்டில் சாதாரணமாகச் சம்பளம் கிடைக்கும் செயல் எதுவோ அது வேலை. உங்களுக்குக் கிடைத்ததா என்பது பொருட்டல்ல. 2023 ஜூலை 1 முதல் தவணைக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணிநேரம் எல்லை. பாடநெறியின் கட்டாயப் பகுதியாகப் பதியப்பட்ட பயிற்சி இதில் சேராது. தாதியர் கல்வி படிக்கும் பிள்ளைகள் வைத்தியசாலையில் செய்யும் பயிற்சி இந்த வகை.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு செய்தால்

கடைசியாக, இப்போது அதிகம் கேட்கப்படும் ஒன்று. எஃப்-1 மாணவர் கோடை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து, இங்கிருந்தபடி அமெரிக்கக் கம்பனிக்கோ கொழும்புக் கம்பனிக்கோ இணையவழியில் இன்டர்ன்ஷிப் செய்யலாமா?

அமெரிக்க விதி அமெரிக்காவுக்குள் செய்யும் வேலையைப் பற்றியது. திருநெல்வேலியில் வீட்டு மேசையில் இருந்து செய்வதற்கு எஃப்-1 அனுமதி தேவைப்படாது. ஆனால் விடுமுறை முடிந்து திரும்பும்போது வேலையை இங்கே விட்டுவிட்டுப் போக வேண்டும். அதே கணினியில் அதே வேலையை ஒஹையோவில் இருந்து தொடர்ந்தால், கம்பனி யாழ்ப்பாணத்தில் பதியப்பட்டது, பணம் இலங்கை வங்கிக் கணக்கில் ரூபாவில் விழுகிறது என்ற வாதம் பெரிதாக உதவாது, ஏனென்றால் உழைப்பு நடந்தது அமெரிக்க மண்ணில். அப்பாவின் கடைக் கணக்கை வட்ஸ்அப்பில் ஒருநாள் சரிபார்த்துக் கொடுப்பதை யாரும் தேடி வரப்போவதில்லை. வாரந்தோறும் ஒழுங்காக, ஒருவருடைய சம்பள இடத்தில் இருந்து செய்தால், புறப்படுவதற்கு முன்னமே டிஎஸ்ஓவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்வது ஒழுங்கு. கேள்வியில் நான்கு விவரம் இருந்தால் போதும்: யாருக்கு, எங்கிருந்து, வாரத்துக்கு எத்தனை மணிநேரம், அதற்கு என்ன கிடைக்கிறது.